கலிபோர்னியாவின் சிறிய தொடக்கப்பள்ளி மாவட்டங்கள்

தொடக்கப்பள்ளி மாவட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அரசுத் தொடக்கப்பள்ளிகளை நடத்துவதற்கென்றே சட்டத்தால் அமைக்கப்பட்ட தனி உள்ளாட்சி அமைப்பு ஆகும். நகராட்சியையோ கவுன்ட்டி அரசையோ சாராமல், தனக்கென எல்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சிக் குழு, வரவுசெலவுத் திட்டம், பணியாளர்கள் ஆகியவற்றை இது கொண்டுள்ளது. கலிபோர்னியாவில் உள்ள 900-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்களில் பாதிக்கும் மேலானவை தொடக்கப்பள்ளி மாவட்டங்களே. இவற்றுள் பல, ஒரே ஒரு பள்ளியை மட்டும் நடத்தும் மிகச் சிறிய அமைப்புகள் ஆகும்.

இம்மாவட்டங்களின் ஆளுகை இன்றும் ஊர் மக்களிடம் உள்ளது. ஆனால் இவற்றுக்கு எவ்வளவு பணம் கிடைக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மாநில அரசே முடிவு செய்கிறது. 1970-களில் நிகழ்ந்த இந்தப் பிரிவினையே, இவை எவ்வாறு இயங்குகின்றன என்பதைப் புரிந்துகொள்வதற்கான அடிப்படையாகும்.

சொற்பொருளும் வகைகளும்

இங்கு மாவட்டம் என்னும் சொல், இந்தியாவில் உள்ளது போன்ற வருவாய் நிர்வாகப் பிரிவைக் குறிப்பதன்று. மாநிலத்துக்கு அடுத்த நிலையில் உள்ள அத்தகைய பிரிவு கவுன்ட்டி எனப்படுகிறது. கலிபோர்னியாவில் 58 கவுன்ட்டிகள் உள்ளன. பள்ளி மாவட்டம் என்பது கல்விக்காக மட்டும் வரையப்பட்ட எல்லையாகும். அது ஒரு சிற்றூரின் அளவாகவும் இருக்கலாம். பல நகரங்களை உள்ளடக்கியதாகவும் இருக்கலாம்.

பள்ளி மாவட்டங்கள் மூன்று வகைப்படும்.

* தொடக்கப்பள்ளி மாவட்டம்: பொதுவாக மழலையர் வகுப்பு முதல் 8-ஆம் வகுப்பு வரை நடத்துவது. சிலவற்றில் 5 அல்லது 6-ஆம் வகுப்புடன் முடிவதும் உண்டு.
* உயர்நிலைப்பள்ளி மாவட்டம்: பெரும்பாலும் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை நடத்துவது. பல தொடக்கப்பள்ளி மாவட்டங்களின் மாணவர்கள் ஒரே உயர்நிலைப்பள்ளி மாவட்டத்தில் சேர்வர்.
* ஒருங்கிணைந்த மாவட்டம்: மழலையர் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அனைத்தையும் நடத்துவது.

ஆகவே தொடக்கப்பள்ளி மாவட்டத்தின் எல்லைக்குள் வாழும் ஒருவர் பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டு பள்ளி மாவட்டங்களின் வாக்காளராக இருக்கிறார். அவருடைய சொத்து வரியின் ஒவ்வொரு பங்கு அவ்விரண்டிற்கும் செல்கிறது. சில மாவட்டங்களின் பெயரில் ஒன்றியம் என்னும் பொருள் தரும் 'யூனியன்' என்ற சொல் காணப்படும். முன்பு தனித்தனியாக இருந்த மாவட்டங்கள் ஒன்று சேர்ந்ததை அது காட்டுகிறது. 'ஜாயிண்ட்' என்னும் முன்னொட்டு, மாவட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட கவுன்ட்டிகளில் பரவியிருப்பதைக் குறிக்கும்.

வரலாறு

1849-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கலிபோர்னியாவின் முதல் அரசியலமைப்பு, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆண்டுக்கு மூன்று மாதங்களாவது பள்ளி நடைபெற வேண்டும் என்று விதித்தது. குதிரையிலோ நடந்தோ பிள்ளைகள் சென்று திரும்பக்கூடிய தொலைவே அக்காலப் பள்ளி மாவட்டத்தின் இயல்பான அளவாக இருந்தது. இந்நிலை அமெரிக்கா முழுவதும் காணப்பட்டது. 1939-40 கல்வியாண்டில் அந்நாட்டில் 1,17,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருந்தன. சாலைகளும் பேருந்துகளும் பெருகியபின் அவை இணைக்கப்பட்டு, இன்று ஏறத்தாழ 13,000 என்ற அளவுக்குக் குறைந்துள்ளன. இணைப்பிலிருந்து தப்பியவையே இன்றைய சிறிய மாவட்டங்கள் ஆகும்.

1970-கள் வரை, பள்ளிச் செலவின் பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வந்தது. வரி விகிதத்தை அந்தந்த மாவட்டமே முடிவு செய்தது. இதனால், விலை உயர்ந்த சொத்துகளைக் கொண்ட ஊர் குறைந்த விகிதத்தில் வரி விதித்தும் மிகுந்த பணம் திரட்ட முடிந்தது. ஏழை ஊர் கூடுதல் விகிதத்தில் வரி விதித்தும் குறைவாகவே பெற்றது. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியைச் சேர்ந்த இரு மாவட்டங்களின் 1968-69 ஆண்டுக் கணக்குகள் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டாகும். பால்ட்வின் பார்க்கில் ஒவ்வொரு 100 டாலர் வரிமதிப்புக்கும் 5.48 டாலர் வரி. மாணவர் ஒருவருக்குச் செலவு 577 டாலர். பெவர்லி ஹில்ஸில் வரி 2.38 டாலர் மட்டுமே. செலவோ 1,232 டாலர்.

செர்ரானோ எதிர் பிரீஸ்ட் என்னும் வழக்கில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1971-இல், ஒரு பிள்ளையின் கல்வி அதன் அண்டை வீட்டாரின் செல்வத்தைப் பொறுத்ததாக இருப்பது சமத்துவக் கோட்பாட்டுக்கு முரணானது என்ற கருத்தை ஏற்றது. 1973-இல் டெக்சஸ் மாநில வழக்கொன்றில் நாட்டின் உச்ச நீதிமன்றம் இதற்கு மாறான தீர்ப்பை வழங்கியது. எனினும் மாநில அரசியலமைப்பின் அடிப்படையில் கலிபோர்னிய நீதிமன்றம் 1976-இல் தன் நிலையை மீண்டும் உறுதிசெய்தது. இதற்கிடையில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஒவ்வொரு மாவட்டத்தின் வருவாய்க்கும் வரம்பு விதித்தது.

1978 சூன் 6 அன்று வாக்காளர்கள் 13-ஆம் முன்மொழிவை ஏற்றனர். இதன்படி சொத்து வரியின் பொது விகிதம் சொத்து மதிப்பில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சொத்து கைமாறும் வரை அதன் வரிமதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது. வரி விகிதத்தை முடிவு செய்யும் அதிகாரத்தைப் பள்ளி மாவட்டங்கள் இழந்தன. திரட்டப்பட்ட வரியைப் பங்கிடும் பொறுப்பும், பற்றாக்குறையை ஈடுசெய்யும் பொறுப்பும் மாநிலத்திடம் சென்றன. 1988-இல் ஏற்கப்பட்ட 98-ஆம் முன்மொழிவு, மாநில வருவாயில் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் குறைந்த அளவு பங்கு ஒன்றை உறுதிசெய்தது.

ஆளுகை

ஆட்சிக் குழு

மாவட்டத்தின் உயர் அதிகாரம் ஆட்சிக் குழுவிடம் உள்ளது. பொதுவாக 5 உறுப்பினர்களும், மிகச் சிறிய மாவட்டங்களில் 3 உறுப்பினர்களும் இருப்பர். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். அனைவரின் பதவிக்காலமும் ஒரே நேரத்தில் முடியாதவாறு தேர்தல்கள் மாறி மாறி நடத்தப்படுகின்றன. இவை கட்சி சார்பற்ற தேர்தல்கள். உறுப்பினர்கள் ஊதியமின்றியோ சிறு மதிப்பூதியம் பெற்றோ பணியாற்றுகின்றனர். இடங்களின் எண்ணிக்கைக்கு மேல் வேட்பாளர்கள் இல்லையெனில் வாக்குப்பதிவு இன்றியே உறுப்பினர்கள் நியமிக்கப்படலாம். சிற்றூர்களில் இது அரிதன்று.

கண்காணிப்பாளரை அமர்த்துதல், வரவுசெலவுத் திட்டத்தை ஏற்றல், ஆசிரியர் சங்கத்துடன் செய்யும் ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தருதல், கொள்கைகளை வகுத்தல், பள்ளியைத் திறத்தல் அல்லது மூடுதல் ஆகியன குழுவின் முதன்மைப் பணிகள். தனி உறுப்பினருக்கு எவ்வித ஆணை அதிகாரமும் இல்லை. கூட்டத்தில் பெரும்பான்மையாக எடுக்கப்படும் முடிவே செல்லும்.

திறந்த கூட்டங்கள்

1953-ஆம் ஆண்டின் பிரவுன் சட்டம் இக்கூட்டங்களைக் கட்டுப்படுத்துகிறது. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே பொதுமக்கள் காணுமாறு வெளியிட வேண்டும். பொதுமக்களுக்குப் பேச வாய்ப்பளிக்க வேண்டும். பணியாளர் ஒழுங்கு நடவடிக்கை, ஊதியப் பேச்சுவார்த்தை, வழக்கு போன்ற சிலவற்றை மட்டுமே மூடிய அமர்வில் விவாதிக்கலாம்.

உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் கூட்டத்துக்கு வெளியே குழுவின் அலுவல்களைக் கலந்து பேசுவதையும் இச்சட்டம் தடை செய்கிறது. மூவர் குழுவில் இருவரே பெரும்பான்மை. எனவே இரு உறுப்பினர்கள் கடைத்தெருவில் சந்தித்துப் பள்ளியின் செலவைப் பற்றிப் பேசினால்கூட அது சட்டமீறல் ஆகலாம். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் இவ்விதியைக் காப்பது எளிதன்று. ஆயினும் முடிவுகள் மக்கள் முன்னிலையில் எடுக்கப்படுவதற்கு இதுவே உறுதியளிக்கிறது.

கண்காணிப்பாளர்

அன்றாட நிர்வாகத்தைக் கண்காணிப்பாளர் நடத்துகிறார். பெரிய மாவட்டங்களில் நிதி, பணியாளர், பாடத்திட்டம் ஆகியவற்றுக்குத் தனித்தனி அலுவலர்கள் உண்டு. ஒற்றைப் பள்ளி மாவட்டத்திலோ பெரும்பாலும் ஒருவரே கண்காணிப்பாளராகவும் தலைமையாசிரியராகவும் இருப்பார். மிகச் சிறிய பள்ளிகளில் அவர் வகுப்பெடுப்பதும் உண்டு. மாநிலத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைகளின் வகைகள் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பக் குறைவதில்லை என்பதால், இவரது பணிச்சுமை மிகுதியாகும்.

கவுன்ட்டி, மாநில அமைப்புகள்

ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் ஒரு கல்விக் கண்காணிப்பாளர் உள்ளார். பெரும்பாலான கவுன்ட்டிகளில் இவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். மாவட்டங்களின் வரவுசெலவுத் திட்டங்களை ஆராய்ந்து ஏற்பதும், அவற்றின் நிதி நிலையைக் கண்காணிப்பதும் இவரது கடமை. சராசரி அன்றாட வருகை 901-க்குக் குறைவான தொடக்கப்பள்ளி மாவட்டங்களுக்குச் சில நேரடிப் பணிகளையும் கவுன்ட்டி அலுவலகம் வழங்குகிறது. மாவட்டத்தின் பணம் பொதுவாகக் கவுன்ட்டிக் கருவூலத்திலேயே வைக்கப்படுகிறது. மாநில அளவில், ஆளுநர் நியமிக்கும் மாநிலக் கல்வி வாரியமும், மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநிலப் பொதுக்கல்விக் கண்காணிப்பாளரும் பாடத்தரங்களையும் விதிமுறைகளையும் கவனிக்கின்றனர்.

தனித்துச் செய்ய இயலாதவற்றைச் சிறிய மாவட்டங்கள் கூட்டாகச் செய்கின்றன. சிறப்புக் கல்விக்கென வட்டாரக் கூட்டமைப்புகளில் இவை இணைகின்றன. காப்பீட்டுக்கும் அவ்வாறே கூட்டு அதிகார அமைப்புகள் உள்ளன.

நிதி

நிதி வாய்பாடு

2013-14 முதல் கலிபோர்னியாவில் 'உள்ளூர்க் கட்டுப்பாட்டு நிதி வாய்பாடு' நடைமுறையில் உள்ளது. இதன் கூறுகள் பின்வருமாறு.

* அடிப்படை மானியம்: மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என வகுப்புநிலையைப் பொறுத்துத் தரப்படுவது. மழலையர் வகுப்பு முதல் 3-ஆம் வகுப்பு வரை, வகுப்பின் அளவைச் சிறிதாக வைத்திருப்பதற்காக 10.4 விழுக்காடு கூடுதலாகத் தரப்படுகிறது.
* துணை மானியம்: வறிய குடும்பத்தினர், ஆங்கிலம் கற்போர், வளர்ப்பு இல்லப் பிள்ளைகள் ஆகியோரின் விழுக்காட்டுக்கு ஏற்ப, அடிப்படை மானியத்தில் 20 விழுக்காடு என்னும் வீதத்தில் தரப்படுவது. ஒரு மாணவர் பல பிரிவுகளில் அடங்கினாலும் ஒருமுறையே எண்ணப்படுவார்.
* செறிவு மானியம்: மேற்கண்ட மாணவர்கள் 55 விழுக்காட்டைத் தாண்டும்போது, தாண்டிய பகுதிக்கு மட்டும் தரப்படுவது. தொடக்கத்தில் 50 விழுக்காடாக இருந்த இதன் வீதம் 2021-22-இல் 65 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

எடுத்துக்காட்டாக, ஒரு மாவட்டத்தில் இத்தகைய மாணவர்கள் 75 விழுக்காட்டினர் எனக் கொள்வோம். அடிப்படை மானியம் 100 எனில், துணை மானியம் 75-இல் 20 விழுக்காடு, அதாவது 15 ஆகும். செறிவு மானியம் 20-இல் 65 விழுக்காடு, அதாவது 13 ஆகும். மொத்தம் 128.

மானியம், பதிவேட்டில் உள்ள மாணவர் எண்ணிக்கைக்கு அன்றி, சராசரி அன்றாட வருகைக்கே தரப்படுகிறது. பள்ளியில் 120 பேர் சேர்ந்திருந்து, வருகை 95 விழுக்காடாக இருந்தால், 114 பேருக்கே பணம் வரும். நோயால் வராத நாளும் வராத நாளே. ஆசிரியருக்கும் கட்டடத்துக்கும் ஆகும் செலவோ 120 பேருக்கும் உரியது. எண்ணிக்கை குறைந்துவரும் மாவட்டங்களின் இடரைத் தணிக்க, 2022-23 முதல் நடப்பு ஆண்டு, முந்தைய ஆண்டு, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி ஆகியவற்றுள் மிகுதியானது கணக்கில் கொள்ளப்படுகிறது.

மாநிலம் தரும் பங்கு

வாய்பாட்டின்படி கிடைக்க வேண்டிய தொகை முதலில் கணக்கிடப்படும். அதிலிருந்து மாவட்டத்துக்குரிய சொத்து வரிப் பங்கு கழிக்கப்படும். மீதியை மாநிலம் தரும். ஆகவே பெரும்பாலான மாவட்டங்களில், ஊரில் சொத்து வரி உயர்ந்தால் பள்ளியின் மொத்தப் பணம் உயர்வதில்லை. மாநிலத்தின் பங்குதான் அதே அளவு குறைகிறது.

அடிப்படை உதவி மாவட்டங்கள்

சொத்து வரிப் பங்கு மட்டுமே வாய்பாட்டுத் தொகையைத் தாண்டும் மாவட்டங்கள், மிகுதியைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன. இவை 'அடிப்படை உதவி' மாவட்டங்கள் எனப்படும். மாணவர் ஒருவருக்கு 120 டாலர் என்னும், மாநில அரசியலமைப்பு உறுதிசெய்த குறைந்த அளவு உதவியிலிருந்து இப்பெயர் வந்தது. சான் மட்டேயோ கவுன்ட்டியில் ஒரே பள்ளியை நடத்தும் உட்சைடு தொடக்கப்பள்ளி மாவட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. இத்தகைய மாவட்டத்தில் புதிய மாணவர் ஒருவர் சேர்ந்தால் பொதுவாக மாநில நிதி கூடுவதில்லை. இருக்கும் பணமே மேலும் ஒருவருக்குப் பகிரப்படுகிறது. செர்ரானோ வழக்கு களைய முயன்ற ஏற்றத்தாழ்வு இவ்வழியில் ஓரளவு தொடர்கிறது என்பது இம்முறையின் மீதான குறைகூறல் ஆகும்.

இன்றியமையாச் சிறுபள்ளிகள்

மலைப்பகுதிகளிலும் தொலைவான ஊர்களிலும் உள்ள பள்ளிகள், தலைக்கு இவ்வளவு என்னும் கணக்கில் நிலைத்திருக்க இயலாது. ஆகவே சராசரி வருகை 97-க்குக் குறைவாக இருந்து, அடுத்த பள்ளி மிகத் தொலைவில் உள்ள தொடக்கப்பள்ளிகளுக்கு மொத்தத் தொகையாக நிதி தரப்படுகிறது. இது படிநிலையில் அமைந்தது. வருகை 24 வரை ஓர் ஆசிரியருக்கும், 25 முதல் 48 வரை இரு ஆசிரியர்களுக்கும், 49 முதல் 72 வரை மூவருக்கும், 73 முதல் 96 வரை நால்வருக்கும் உரிய தொகை கிடைக்கும். வருகையும் ஆசிரியர் எண்ணிக்கையும் காட்டும் படிகளுள் குறைவானதே வழங்கப்படும். எனவே 25 என்னும் எல்லையில் நிற்கும் ஒரு பள்ளியில், இரு பிள்ளைகளுடன் ஒரு குடும்பம் ஊரைவிட்டுச் சென்றால், இரண்டாம் ஆசிரியருக்கான நிதியே இல்லாமல் போகக்கூடும்.

பிற வருவாய்

கூட்டரசின் பங்கு சிறியது. வறிய மாணவர்களுக்கான 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பகுதி, மாற்றுத்திறன் மாணவர்களுக்கான சிறப்புக் கல்வி, பள்ளி உணவு ஆகியவற்றுக்கென அது வருகிறது. 600-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட ஊரக மாவட்டங்களுக்கெனத் தனிக் கூட்டரசுத் திட்டம் ஒன்றும் உண்டு. மாநிலப் பரிசுச்சீட்டு வருவாயிலிருந்தும் ஒரு சிறு பங்கு கிடைக்கிறது. பெற்றோர் சங்கங்களும் கல்வி அறக்கட்டளைகளும் நன்கொடை திரட்டுகின்றன. வசதி படைத்த ஊர்களில் இது இசை, ஓவியம் போன்ற பாடங்களுக்கான ஆசிரியர்களை அமர்த்தப் போதுமானதாக இருக்கும். வறிய ஊர்களில் அவ்வாறு இராது.

உள்ளூர் வாக்கெடுப்புகள்

உள்ளூர் மக்களே கூடுதல் பணம் தர இரு வழிகள் எஞ்சியுள்ளன.

* மனை வரி: நிலத்துண்டு ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் ஒரே தொகையாக விதிக்கப்படும் வரி. ஆட்சிக் குழு முன்வைக்கும் இவ்வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவை. இதை ஊதியத்துக்கும் பயன்படுத்தலாம்.
* கடன் பத்திரம்: கட்டடம், நிலம், தளவாடம் ஆகியவற்றுக்கு மட்டும் உரியது. ஊதியத்துக்குப் பயன்படுத்த இயலாது. முன்பு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவைப்பட்டன. 2000-இல் ஏற்கப்பட்ட 39-ஆம் முன்மொழிவு அதை 55 விழுக்காடாகக் குறைத்தது. அதற்கு ஈடாக, பணிகளின் பட்டியல், ஆண்டுத் தணிக்கை, குடிமக்கள் மேற்பார்வைக் குழு ஆகியன கட்டாயமாக்கப்பட்டன. தொடக்கப்பள்ளி மாவட்டத்தில் இத்தகைய ஒரு வாக்கெடுப்பால் ஏற்படும் வரி, ஒவ்வொரு 1,00,000 டாலர் வரிமதிப்புக்கும் 30 டாலரைத் தாண்டாது என மதிப்பிடப்பட வேண்டும்.

சொத்து மதிப்புக் குறைந்த சிறு மாவட்டம், இவ்வரம்புக்குள் திரட்டும் பணத்தில் ஒரு புதிய கூரையைக்கூட அமைக்க இயலாமல் போகலாம். 2024 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற 1,000 கோடி டாலர் மாநிலக் கடன் பத்திரத் திட்டத்தில், புதிய கட்டடங்களுக்கும் புதுப்பித்தலுக்குமான தொகைகளில் 10 விழுக்காடு சிறிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்பட்டது.

வரவுசெலவுத் திட்ட ஆண்டு

நிதியாண்டு சூலை 1 அன்று தொடங்குகிறது. அதற்குள் ஆட்சிக் குழு வரவுசெலவுத் திட்டத்தையும், மூன்றாண்டுப் பொறுப்புடைமைத் திட்டத்தையும் பொது விசாரணைக்குப்பின் ஏற்க வேண்டும். துணை, செறிவு மானியங்கள் உரிய மாணவர்களின் நலனுக்கு எவ்வாறு செலவிடப்படும் என்பதை இப்பொறுப்புடைமைத் திட்டம் விளக்க வேண்டும்.

செலவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஊதியத்துக்கும் பணியாளர் நலன்களுக்கும் செல்கிறது. ஆகவே செலவைக் குறைப்பது என்றால் பெரும்பாலும் பணியிடத்தைக் குறைப்பது என்றே பொருள். மறு ஆண்டு பணி இல்லாமல் போகக்கூடும் என்பதை ஆசிரியருக்கு மார்ச் 15-க்குள்ளும், இறுதி முடிவை மே 15-க்குள்ளும் அறிவிக்க வேண்டும். ஆனால் ஆளுநரின் திருத்திய நிதி மதிப்பீடு மே நடுவில்தான் வெளிவரும். சட்டமன்றம் அதை நிறைவேற்ற சூன் 15 வரை காலம் உண்டு. எவ்வளவு பணம் வரும் என்பது தெரியும் முன்பே, யாரை நிறுத்துவது என்பதை மாவட்டம் முடிவு செய்ய நேர்கிறது. நால்வரே பணியாற்றும் பள்ளியில், ஒருவருக்கு அனுப்பப்படும் அறிவிப்பு நான்கில் ஒரு பங்குப் பள்ளியைப் பாதிக்கிறது.

எதிர்பாராத செலவுக்கென மாவட்டங்கள் இருப்பு வைத்திருக்க வேண்டும். சராசரி வருகை 300 வரை உள்ளவற்றுக்குச் செலவில் 5 விழுக்காடும், 301 முதல் 1,000 வரை 4 விழுக்காடும், அதற்கு மேல் 30,000 வரை 3 விழுக்காடும் பரிந்துரைக்கப்படுகின்றன. மாவட்டம் சிறிதாகும்போது தேவையான இருப்பின் விகிதம் கூடுகிறது. ஒரு மாணவருக்கு விலையுயர்ந்த சிறப்புக் கல்வி தேவைப்படுவதோ, ஒரு கொதிகலன் பழுதாவதோ சிறு மாவட்டத்தின் ஆண்டுக் கணக்கையே மாற்றிவிடும் என்பது இதற்குக் காரணம்.

நிதிக் கண்காணிப்பு

1991-இல் ரிச்மண்ட் ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டம் பணமின்றிக் கல்வியாண்டு முடிவதற்கு ஆறு வாரங்கள் முன்பே பள்ளிகளை மூட முற்பட்டது. பெற்றோர் தொடுத்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 1992-இல், பிள்ளைகளின் கல்விக்கு இறுதிப் பொறுப்பு மாநிலத்துடையதே என்று தீர்ப்பளித்தது. இந்நிகழ்வை ஒட்டி 1991-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுக்கு இருமுறை இடைக்கால அறிக்கை அளிக்க வேண்டும். நடப்பு ஆண்டிலும் அடுத்த இரு ஆண்டுகளிலும் தன் கடப்பாடுகளை நிறைவேற்ற இயலுமா என்பதைப் பொறுத்து நேர்மறை, ஐயத்துக்குரியது, எதிர்மறை என அது சான்றளிக்க வேண்டும். நிலை மோசமானால், ஆட்சிக் குழுவின் நிதி முடிவுகளை நிறுத்திவைக்கவும் கவுன்ட்டிக் கண்காணிப்பாளருக்கு அதிகாரம் உண்டு. மாநிலத்திடம் பெருந்தொகையை அவசரக் கடனாகப் பெறும் மாவட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட குழு தன் அதிகாரத்தை இழந்து, நிர்வாகி ஒருவர் பொறுப்பேற்பார்.

இணைப்பும் கலைப்பும்

1 முதல் 8 வரையான வகுப்புகளில் சராசரி வருகை 6-க்குக் கீழ்ச் சென்றால், தொடக்கப்பள்ளி மாவட்டம் சட்டப்படி கலைக்கப்பட்டு, அண்டை மாவட்டத்துடன் சேர்க்கப்படும். இதற்கு ஓராண்டு கால நீட்டிப்பு அளிக்கப்படலாம். அந்நிலைக்கு முன்பே, மக்கள் விரும்பினால் உரிய ஒப்புதல்களுடன் மாவட்டங்கள் இணையலாம்.

இணைப்பை ஆதரிப்போர், ஒவ்வொரு சிறு மாவட்டத்துக்கும் ஒரு கண்காணிப்பாளர், தணிக்கை, தேர்தல் எனத் தனித்தனியே செலவிடுவது வீண் என்பர். அண்டை மாவட்டங்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வும் இதனால் குறையும் என்பது அவர்களின் வாதம். எதிர்ப்போர், இணைந்த மாவட்டங்களில் ஊதிய விகிதங்கள் பெரும்பாலும் உயர்ந்த விகிதத்தை நோக்கியே நகர்வதால் சேமிப்பு குறையும் எனவும், பிள்ளைகள் நெடுந்தொலைவு பயணம் செய்ய நேரும் எனவும் கூறுவர். இவை அனைத்தினும் மேலாக, குழு உறுப்பினரை நேரில் அறிந்து கேள்வி கேட்கும் வாய்ப்பை ஊர் இழந்துவிடும் என்பது அவர்களின் அச்சம் ஆகும். பணத்தின் அளவை மாநிலம் முடிவு செய்தாலும், அப்பணத்தில் நூலகத்தைத் திறந்து வைப்பதா, இரு வகுப்புகளை ஒன்றாக்காமல் காப்பதா என்பதைத் தெரிவு செய்யும் இடமாக இம்மாவட்டங்கள் இன்றும் நிலவுகின்றன.